பெட்ரோல் தானா தீர்ந்து போகாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல வந்த பழைய விமானங்கள் கட்டுரைய தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து ஃபோன்லதான் படிச்சேன், படமெல்லாம் அருமை, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா 2002-ல அமெரிக்காவுல சியாட்டில் கடல்ல ஒரு போயிங் 307 இறங்குன கதைய சொன்ன விதம்தான் எனக்கு சரியா படல. எரிபொருள் தீர்ந்துச்சாம், எஞ்ஜின் எல்லாம் நின்னுச்சாம், பைலட் சாமர்த்தியமா தண்ணியில இறக்கி நாலு பேரும் பொழைச்சாங்களாம், ஆண்டவன் காப்பாத்துனாராம், அவ்வளவுதான் கதை முடிஞ்சுது. எரிபொருள் எப்படிங்க தீர்ந்துச்சு, அத யாரு பாத்திருக்கணும்னு ஒரு வரி கூட இல்ல.

நான் பைலட் இல்ல, மொதல்லயே சொல்லிடறேன். மெர்பேங்க் ஆளு. பழைய லூயி போத்தா ஏர்போர்ட் எங்க ஏரியாவுக்கு பக்கத்துலயேதான், ஒரு பக்கம் ரிஃபைனரி வாசனை, இன்னொரு பக்கம் விமான சத்தம், இப்படித்தான் வளந்தோம். பொழப்பும் அதுலயே அமைஞ்சுது, பௌசர் வண்டில போயி விமானத்துக்கு எரிபொருள் ஊத்துற வேலை. ரிட்டயர் ஆனப்புறமும் பழைய விமானம் எங்க பறந்தாலும் போயி நிப்பேன், வீட்டுக்காரம்மா திட்டும், அது வேற கதை. தமிழ் எழுத கோயில் வகுப்புல கத்துகிட்டது, பிழை இருந்தா திருத்தி போட்டுக்கோங்க.

சரி, அந்த 307 விஷயத்துக்கு வரேன். மொத்தமே பத்து விமானம்தான் அந்த மாடல்ல கட்டுனாங்க, கேபினுக்குள்ள காத்தழுத்தம் வெச்சு பயணிகள ஏத்திட்டு பறந்த முதல் ரகம் அதுதான், பத்துல முழுசா மிச்சம் இருக்கிறது இந்த ஒண்ணே ஒண்ணு. பான் ஆம் கம்பெனில ஓடி, பின்னாடி ஹைட்டி நாட்டு ஜனாதிபதிக்கு ஓடி, கடைசியா ஸ்மித்சோனியன் மியூசியத்துக்கு வந்து, போயிங் ஆளுங்க சியாட்டில்ல வருஷக்கணக்கா உக்காந்து புதுசு மாதிரி ஆக்குனாங்க. 2002 மார்ச் 28-ஆம் தேதி சோதனை ஓட்டத்துக்கு கிளம்புனாங்க, இடையில சக்கரம் இறங்கறதுல சிக்கல் வந்து நேரம் போச்சு, திரும்பி வர்ற வழியில எஞ்ஜினுக்கு பெட்ரோல் வரல, ஊருக்கு மேல போயி விழுறதுக்கு பதிலா எலியட் பே தண்ணில இறக்குனாங்க. அந்த முடிவு நல்ல முடிவு, நானும் கைதட்டுவேன். ஆனா அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பு என்டிஎஸ்பி என்ன காரணம் சொல்லுச்சு தெரியுங்களா? கிளம்பறதுக்கு முன்னாடி விமானத்துல எவ்வளவு எரிபொருள் இருக்குன்னு பைலட்டுங்க சரியா பாக்கலன்னு சொல்லுச்சு. கூடவே, எரிபொருள் நிலவரத்த பத்தி காக்பிட்ல ஒருத்தருக்கு ஒருத்தர் சரியா பேசிக்கலன்னும் சொல்லுச்சு. உலகத்துல மிச்சம் இருந்த ஒரே விமானம், ஓட்டுனவங்க கத்துக்குட்டிங்களும் இல்ல, அப்படியும் டேங்க்ல எவ்வளவு இருக்குங்கற அடிப்படை கேள்வியில கோட்டை விட்டாங்க.

சாமர்த்தியத்த பாராட்டுறதும் பொறுப்ப கேக்குறதும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுற விஷயம் இல்லீங்க. 1983 ஜூலைல கனடாவுல ஏர் கனடா 767 ஒண்ணு நடு வானத்துல எரிபொருள் தீர்ந்து கிம்லிங்கற ஊர்ல பழைய ரன்வேல கிளைடர் கணக்கா இறங்குச்சே, அதுல எரிபொருள் அளவு காட்டுற கேஜ் வேலை செய்யல, குச்சி வெச்சு அளந்தாங்க, லிட்டர எடைக்கு மாத்துற இடத்துல கிலோவுக்கு பதிலா பவுண்டு கணக்கு போட்டாங்க, வேணும்ங்கற அளவுல பாதி கூட ஏறல. அந்த பைலட்டுங்களுக்கு கம்பெனி தண்டனையும் குடுத்துச்சு, பின்னாடி உலக விமான சம்மேளனம் விருதும் குடுத்துச்சு. ரெண்டும் நியாயம்னுதான் நான் நினைக்கிறேன், உங்க கட்டுரையில விருது பாதி மட்டும்தான் இருக்கு.

என் அக்கா மகன் ஒருத்தன் இங்க வர்ஜீனியா ஏர்ஃபீல்டுல பறக்க கத்துகிட்டவன், பழைய விமானம்னா உயிர விடுவான். கட்டுரைய அவன்கிட்ட காட்டுனதும் "மாமா, அந்த காலத்து ப்ளேன்ல கேஜே ஒழுங்கா காட்டாது, பைலட் என்ன பண்ணுவாரு பாவம்"ங்கறான். அட, கேஜ் ஒழுங்கா காட்டாதுன்னு ஊருக்கே தெரியும்ல, அப்ப அத நம்பி எப்படி கிளம்புவ? நம்ம பக்கில, அதான் பின்னாடி சாமான் ஏத்தற பிக்அப் வண்டில, பெட்ரோல் முள்ளு செத்துப்போச்சுன்னா டர்பன்ல இருந்து ஜோபர்க் போறவன் N3 ஹைவேல வான் ரீனன் மலை ஏறறதுக்கு முன்னாடி ஃபுல் டேங்க் அடிச்சுட்டு கிலோமீட்டர பாத்துகிட்டேதான் ஓட்டுவான், முள்ளு மேல பழி போட மாட்டான். அவனாவது வண்டி நின்னா ஓரம் கட்டலாம்.

பழைய விமானத்துல கேஜ் எப்படி இருக்கும்னு வாசகர்களுக்கு தெரியாது, உங்க கட்டுரைலயும் இல்ல, அதனால சொல்றேன். பைப்பர் கப்னு ஒரு குட்டி விமானம், அதுல கேஜ்ங்கறதே டேங்க் மூடி வழியா வெளிய நீட்டிட்டு இருக்கற ஒரு கம்பிதான், உள்ள கம்பி நுனில ஒரு கார்க் மிதக்கும், பெட்ரோல் குறைய குறைய கம்பி கீழ போகும். கார்க் பழசாகி பெட்ரோல் குடிச்சு கனமாயிட்டா முழுசா மிதக்காது, மேல பூசுன பூச்சு உரிஞ்சாலும் அதே கதை. டைகர் மாத்ங்கற ரெட்டை ரெக்கை விமானத்துல டேங்க் மேல் ரெக்கையோட நடுவுல, பைலட் தலைக்கு மேல இருக்கும், 19 இம்பீரியல் கேலன் பிடிக்கும், அதுக்கு மேல ஒரு கண்ணாடி குழாய்ல மிதவை ஆடிட்டு இருக்கும், காத்துல குலுங்கறப்ப அத பாத்து கணக்கு சொல்றது சாமி வரம் கேக்கற மாதிரி. ஹார்வர்டு நம்ம தென்னாப்பிரிக்கா ஏர்ஃபோர்ஸ்ல ரெண்டாம் உலகப்போர் காலத்துல வந்து 1990கள் நடுவரைக்கும் பசங்களுக்கு பயிற்சி குடுத்த விமானம், இங்க ஏர்ஷோ போனா கண்டிப்பா அதோட உறுமல் கேக்கும். அதுல கேஜ் ரெண்டும் பைலட் சீட்டுக்கு ரெண்டு பக்கமும் கீழ தரையில இருக்கும், தலைய குனிஞ்சு பாக்கணும். இடது டேங்க்குக்குள்ள ஒரு குழாய் நிமிந்து நிக்கும், எந்த டேங்க்ல இருந்து எடுக்கணும்னு திருப்புற செலக்டர 'இடது'ல வெச்சா குழாய் மட்டம் வரைக்கும்தான் எடுக்கும், மிச்சம் ஒரு இருபது யூஎஸ் கேலன் கிட்ட அடியில இருக்கும், அது வேணும்னா 'ரிசர்வ்'னு தனியா திருப்பணும். இது தெரியாம ஏறுனவன் எஞ்ஜின் இருமுனதும் பயந்து போயிடுவான். தெரிஞ்சவனும் முன்னாடியே ரிசர்வ்ல வெச்சு பறந்துட்டு அத மறந்துட்டான்னா, இன்னும் இருபது கேலன் இருக்குன்னு நம்பிட்டு இருப்பான், இருக்காது.

அதாவது டேங்க்ல சொட்டு இல்லாம நிக்கறது ஒண்ணு, டேங்க்ல பெட்ரோல் இருந்தும் செலக்டர் தப்பா இருந்து எஞ்ஜினுக்கு போகாம நிக்கறது இன்னொண்ணு. ரெண்டாவது ரகம் கேக்கவே வயிறு எரியும், விழுந்த விமானத்துல இருந்து பெட்ரோல வடிச்சு எடுப்பாங்க.

இதுக்கெல்லாம் மருந்து ஒரு குச்சிங்க, வேற ஒண்ணும் இல்ல. ரெக்கை மேல ஏறி, மூடிய திறந்து, டிப் ஸ்டிக்க விட்டு எடுத்து, ஈரம் எந்த கோடு வரைக்கும் வந்திருக்குன்னு கண்ணால பாக்கணும். வெயில்ல ஆவ்காஸ், அதான் விமான பெட்ரோல், நொடியில காஞ்சிடும், அதனால எடுத்ததும் பாக்கணும், குச்சிய கையில வெச்சுட்டு கதை பேசுனா கோடு மறைஞ்சுடும். அந்த குச்சியும் அந்த விமானத்துக்குன்னு செஞ்ச குச்சியா இருக்கணும், பக்கத்து விமானத்து குச்சிய கடன் வாங்கி விடறத நான் கண்ணால பாத்திருக்கேன். வால் சக்கர விமானம் தரையில மூக்க தூக்கிட்டு நிக்கும், பறக்கறப்ப நேரா இருக்கும், அப்ப டேங்க்குக்குள்ள பெட்ரோல் நிக்கற சாய்வே வேற, குச்சில போட்ட கோடு எந்த நிலைக்குன்னு தெரியணும். இன்னொரு முக்கியமான விஷயம், ரிப்பேர் பண்ண விமானத்துல டேங்க் பாதி நேரம் பழைய டேங்க்கே இருக்காது, துருப்பிடிச்சத தூக்கி எறிஞ்சுட்டு புதுசா தகடு வளைச்சு செஞ்சிருப்பாங்க, இல்லன்னா உள்ள ரப்பர் பை போட்டிருப்பாங்க. அப்ப 1940-ல அச்சடிச்ச மேனுவல்ல இருக்கற அளவு இந்த டேங்க்குக்கு பொருந்துமா? டேங்க்க காலி பண்ணிட்டு பத்து பத்து லிட்டரா ஊத்தி ஒவ்வொரு தடவையும் குச்சில கோடு கிழிக்கணும், அடியில எஞ்ஜினுக்கு எட்டாம நிக்கற மிச்சம் எவ்வளவுன்னு தனியா வடிச்சு பாக்கணும். அரை நாள் வேலை. பளபளன்னு பெயிண்ட் அடிக்க மாசக்கணக்கா உக்காரறவங்க இந்த அரை நாளுக்கு யோசிக்கறாங்க.

அளவு குழப்பம் வேற. பழைய பிரிட்டிஷ் விமானம் இம்பீரியல் கேலன் பேசும், அமெரிக்க விமானம் யூஎஸ் கேலன் பேசும், இங்க பௌசர் மீட்டர் லிட்டர்ல ஓடும். இம்பீரியல் கேலன் நாலரை லிட்டருக்கு மேல, யூஎஸ் கேலன் நாலு லிட்டருக்கும் கம்மி. பைலட் வந்து "அறுபது கேலன் இருக்கு, போதும்"ன்னு சொன்னா எந்த கேலன்னு கேக்கணும், ஏன்னா வித்தியாசம் 45 லிட்டர், ஹார்வர்டுக்கு அது இருபது நிமிஷத்துக்கும் மேல பறக்கற பெட்ரோல். நான் கேப்பேன். சிலர் சிரிச்சுட்டு பதில் சொல்வாங்க, சிலர் முறைப்பாங்க.

ஒரு ஃப்ளையிங் கிளப்புல நடந்தது, எந்த ஊர்னு வேண்டாம். சாயங்காலம் ஏர்ஷோ முடியற நேரம், பழைய விமானம் ஒண்ணு வீட்டுக்கு கிளம்புது, பைலட் பேரு பெத்த ஆளு, சுத்தி ஃபோட்டோ எடுக்க கூட்டம். நான் சும்மா வேடிக்கை பாக்க போனவன். அங்க இருந்த பௌசர் பையன் ஸ்லிப்ப நீட்டுறான், கேப்டன் சார் பேசிட்டே தொடை மேல வெச்சு கையெழுத்து போட்டாரு, எத்தன லிட்டர்னு கூட பாக்கல, ரெக்கை மேல யாரும் ஏறல, மூடி சரியா பூட்டியிருக்கான்னு கீழ இருந்து ஒரு பார்வை, முடிஞ்சுது. பையன் என்ன பாத்தான், நான் அவன பாத்தேன். "தம்பி, அவரு டிப் பண்ணலயே"ன்னேன். "எப்பவும் இப்படித்தான் அங்கிள், நாங்க ஊத்துனா சரியா இருக்கும்னு நம்பறாரு"ன்னான். நம்பிக்கை நல்லதுதான், ஆனா அந்த பையனுக்கு மதியம் கூட்டத்துக்கு பறந்து காட்டுனப்ப எவ்வளவு எரிஞ்சுதுன்னு எப்படி தெரியும், அவன் ஊத்துனது மட்டும்தானே தெரியும். அன்னிக்கு ஒண்ணும் ஆகல, பத்திரமா போயி சேந்தாரு, அதனாலதான் அந்த பழக்கம் போகவும் இல்ல.

எங்க ஆளுங்க பக்கமும் தப்பு வரும், மறைக்க மாட்டேன். ஆவ்காஸ் நீலமா இருக்கும், ஜெட் எரிபொருள் வெளிறிப்போயி வைக்கோல் நிறம், ஜெட் எரிபொருள் ஊத்துற குழாயோட நாசில் வாய் அகலமா இருக்கறதால புது பிஸ்டன் விமானத்து டேங்க் வாய்க்குள்ள நுழையாது. பழைய விமானத்துல டேங்க் வாய் பெருசு, எது வேணாலும் நுழையும். அதனாலதான் கிளம்பறதுக்கு முன்னாடி டேங்க் அடியில இருந்து கொஞ்சம் கண்ணாடி சாடில பிடிச்சு நிறம் பாத்து, மோந்து பாத்து, அடியில தண்ணி நிக்குதான்னு பாக்கணும்ங்கறது. மாசக்கணக்கா ஹேங்கர்ல தூங்குன விமானத்துல தண்ணி சேராம என்ன சேரும். சந்தேகம் இருந்தா வெள்ளை பேப்பர்ல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, ஆவ்காஸ் பறந்துடும், ஜெட் கலந்திருந்தா எண்ணெய் வட்டம் நிக்கும். ஊத்துனவன் தப்பு பண்ணா அவன கேளுங்க, தாராளமா கேளுங்க, ஆனா கமாண்டர்னு கையெழுத்து போட்டவர் பாத்திருந்தா அந்த தப்பு தரையிலயே நின்னிருக்கும்.

அக்கா மகன் இன்னொண்ணு கேட்டான், நல்ல கேள்வி. "நான் மணிக்கு எவ்வளவு எரியும்னு நேரம் வெச்சு கணக்கு போடறேன் மாமா, அது போதாதா?" போதும்டா, எந்த மணிக்குங்கறதுதான் கேள்வி. ஜோபர்க் பக்கம் ராண்ட் ஏர்போர்ட் கடல் மட்டத்துக்கு மேல 5,400 அடிக்கும் மேல, அங்க காத்து லேசு, மிக்ஸ்சர, அதாவது காத்தோட கலக்கற பெட்ரோல, குறைச்சு வெச்சு ஓட்டறவங்க கணக்க அப்படியே டர்பன் கடற்கரையில போட்டா பொய்யாகும், இங்க காத்து கனம், அதே த்ராட்டிலுக்கு எஞ்ஜின் கூட குடிக்கும். நேரா போறப்ப எரியறது வேற, கூட்டத்துக்கு முன்னாடி முழு பவர்ல ஏறி இறங்கி காட்டறப்ப எரியறது வேற, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கடல் காத்து எதிர்ல அடிச்சா ஊர் நகராது, எஞ்ஜின் மட்டும் குடிச்சுட்டே இருக்கும். அப்புறம் அந்த 307 மாதிரி சக்கரம் இறங்காம கால் மணி நேரம் சுத்த வேண்டி வரும், அதுக்குத்தான் ரிசர்வ்னு கையிருப்பு பெட்ரோல் வெக்கறது. அமெரிக்க சட்டத்துல பகல்ல கண்ணால பாத்து பறக்கறதுக்கு அரை மணி, ராத்திரிக்கு முக்கால் மணி. பொதுவா எழுதுன குறைஞ்சபட்சம் அது, எழுபது வயசு விமானத்துக்கு ஒரு மணி நேரம் மிச்சம் இல்லாம நான் ஏற மாட்டேன், கூப்பிட்டாலும்.

கத்துக்குட்டிங்கதான் இப்படி மாட்டிக்கறாங்கன்னு நினைக்காதீங்க. என்டிஎஸ்பி 2017-ல ஒரு எச்சரிக்கை விட்டுச்சு, அங்க சின்ன விமானங்கள்ல எரிபொருள் பாத்துக்காததால வருஷத்துக்கு சராசரியா ஐம்பதுக்கு மேல விபத்து, அதுல 95 சதவீதத்துல மனுஷங்க பக்கத்து காரணம் இருக்கு, மெஷின் கோளாறு வெறும் 5 சதவீதத்துலதான். மாட்டுனவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேரு கமர்ஷியல் இல்லன்னா ஏர்லைன் லைசென்ஸ் வெச்சிருந்தவங்க, மாணவர்கள் 2 சதவீதம்தான். மாணவன் பயந்து மூணு தடவ பாப்பான், பெரியவர் பாக்க மாட்டாரு.

பழைய விமானத்துல காசு பிரச்சனையும் இருக்கு, அதையும் சொல்லணும். மியூசியம், கிளப் எல்லாம் நன்கொடையில ஓடறது, ஆவ்காஸ் விலை நமக்கு தெரியும், ஃபுல் டேங்க் போட்டா எடையும் கூடும், காசு வாங்கி சும்மா ஒரு சுத்து சுத்திக் காட்டற ஜாய்ரைடுக்கு ஆள் ஏத்த முடியாது. அதனால "போதும், இருக்கறதுல போயிட்டு வந்துடலாம்"ங்கற பேச்சு வரும். வேலை பாக்கறவங்க பூரா ஆசைக்கு வர்ற தன்னார்வலர்கள், பைலட்தான் அங்க ஹீரோ, அவருகிட்ட "சார் பெட்ரோல் பத்தாது"ன்னு எவன் சொல்லுவான்? நடு வானத்துல மாட்டுனப்புறமும் வெக்கப்பட்டுட்டு ரேடியோல வாய் திறக்க மாட்டாங்க. இறங்கறப்ப கடைசி ரிசர்வ தொட்டுடும்னு தெரிஞ்சா "மேடே மேடே மேடே ஃபியூல்"னு சொல்லணும்னு சர்வதேச விதியே இருக்கு. 2016-ல கொலம்பியாவுல பிரேசில் ஃபுட்பால் டீமோட விழுந்த லாமியா விமானம் ஞாபகம் இருக்கா, 71 பேரு செத்தாங்க. அது பழங்கால விமானம் இல்ல, ஆனா அதே நோய்தான், கணக்கு பத்தாதுன்னு தெரிஞ்சும் வழியில இறங்கி ஊத்தல, கடைசி நிமிஷம் வரைக்கும் வாய் விட்டு சொல்லல.

உண்மையிலேயே பைலட் கையில இல்லாத விபத்தும் உண்டு, அத நான் குறை சொல்லல. நம்ம ஏர்ஃபோர்ஸ் மியூசியத்து ஷாக்கிள்டன் விமானம், பெலிக்கன் 16-னு பேரு, 1994 ஜூலைல இங்கிலாந்து ஏர்ஷோவுக்கு போற வழியில ராத்திரில ஒரே பக்கத்து ரெண்டு எஞ்ஜினும் போயி மேற்கு சஹாரா பாலைவனத்துல வயித்தால இறங்குச்சு, 19 பேரும் உயிரோட வந்தாங்க. அது மெஷின் கை விட்டது, அந்த கேப்டனுக்கு மாலை போடுங்க, நானும் வரேன். 2018-ல பிரிட்டோரியா வொண்டர்பூம்ல 1954 மாடல் கான்வேர் விமானம் ஒண்ணு நெதர்லாந்து மியூசியத்துக்கு போக இருந்த நேரத்துல விழுந்துச்சு, அதுல இடது எஞ்ஜின்ல தீ பிடிச்சது மெஷின் கோளாறு, ஆனா அந்த எஞ்ஜின முறைப்படி நிறுத்தாமலே பறந்தாங்கன்னு விசாரணை அறிக்கை சொல்லுச்சு, உயிர் போச்சு. இப்படி ஒவ்வொண்ணா பிரிச்சு பாத்து எழுதுனாதான் வாசகருக்கு புரியும். எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி விதின்னு எழுதிட்டா பழைய விமானமே ஆபத்துன்னு ஒரு கூட்டம் கிளம்பும், பறக்கவே விடக்கூடாதுன்னு சட்டம் கேக்கும், அப்புறம் நல்லபடியா குச்சி விட்டு பாத்து பறக்கறவனும் சேந்து அடி வாங்குவான்.

அதனால ஐயா, அடுத்த தடவ உங்க நிருபர் ஏர்ஷோவுக்கு போனா விமானத்தோட வயசு, எஞ்ஜின் குதிரைத்திறன் எல்லாம் கேட்டு முடிச்சதும் பைலட்கிட்ட "இன்னிக்கு டிப் பண்ணது நீங்களா, எவ்வளவு இருந்துச்சு, எத்தன நிமிஷத்துக்கு வரும்"னு கேக்க சொல்லுங்க. ஒழுங்கான பைலட் சந்தோஷமா பதில் சொல்வாரு, குச்சியையே எடுத்து காட்டுவாரு. ஜாய்ரைடுக்கு காசு கட்டி பிள்ளைங்கள ஏத்தறவங்களும் இத கேக்கலாம், கேக்க உரிமை இருக்கு.

இன்னொரு சின்ன திருத்தம். அந்த 307 கடலோட போச்சுங்கற மாதிரி கட்டுரை முடியுது. போகல. தண்ணில இருந்து தூக்கி, உப்பு போக கழுவி, மறுபடியும் முழுசா சரி பண்ணி, 2003-ல தானே பறந்து தலைநகர் வாஷிங்டன் பக்கத்துல இருக்கற மியூசியத்துக்கு போயி சேந்துச்சு.

இப்படிக்கு,
பௌசர்கார தாத்தா,
மெர்பேங்க், டர்பன்